டீச்சர் சோடா

நுரை அடங்குவதற்குள் குடித்துவிடுங்கள், ஐயா. அடங்கிவிட்டால் அது வெறும் அன்னாசித் தண்ணீர். அதற்கா இவ்வளவு பாடு?

தைரியமாகக் குடிக்கலாம். முந்தாநாள் போட்டதுதான். தாம்பரம் மார்க்கெட்டில் எல்லாரும் அன்னாசிப்பழத்தைக் கொண்டையைப் பார்த்து வாங்குவார்கள். நான் அடிப்பக்கத்தை மோந்து பார்த்து வாங்குவேன். தோலை எறியக் கூடாது. தோலில்தான் புளிக்கிற குணம் இருக்கிறது. தோலோடு நசுக்கின இஞ்சி, சர்க்கரைப் பாகு, ஆறின பிறகு பேக்கரியில் வாங்கின ஈஸ்ட் ஒரு சிட்டிகை. கடைசியாகப் புதினாவும் கற்பூரவல்லியும். வடிகட்டி ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றி, கார்க்கை அடித்து, சணல் கயிற்றால் கழுத்தோடு இறுக்கிக் கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட வேண்டும். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது அடுத்த வீட்டு ஆங்கிலோ இந்தியன் அம்மாள் கற்றுக்கொடுத்தது. "ரட்னா, டூ டேஸ் வெச்சா சோடா. மறந்து போனா சாராயம், ஜெயில்" என்று சொல்லிச் சிரிப்பார்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

தெருப் பிள்ளைகள் இதற்கு வைத்த பெயர் டீச்சர் சோடா. சபையில் மட்டும் மரியாதையாகப் பழரசம் என்பார்கள். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காய், சேவல், கேக் எல்லாம் ஏலத்துக்கு வரும் மேஜையில் என் ஜக்குக்கு என்றைக்கும் ஓர் இடம் உண்டு.

சரி, நீங்கள் வந்த காரியத்துக்கு வருகிறேன். இந்த வருஷப் பண்டிகையில் எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது. நான் மேடையேறி, என் வாழ்க்கையில் நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். கைகால் விழுந்து, பேச்சும் போய்ப் படுக்கையில் கிடக்கிற புருஷனை இரண்டு வருஷமாக முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்கிறவள் என்ன சொன்னாலும் ஜனங்கள் அழுவார்கள் என்கிறீர்கள். போன வாரம் நீங்கள் ஜெபிக்க வந்தபோது அவர் என்னைப் பார்த்து "ர... ர..." என்று திணறியதைப் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டீர்கள். வாய் திறந்ததும் வந்த முதல் எழுத்து மனைவியின் பெயராம். பெண்கள் பக்கத்தில் ஒரு கண்ணும் உலர்ந்திருக்கவில்லை.

ரத்தினபாய் என்பது பள்ளிக்கூடத்துக்குத்தான். அவருக்கு நான் ரத்தினம்.

மேடையேற எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் சாட்சியில் பொய் சேர்க்கக் கூடாது. இதை எனக்குச் சொன்னவர் உள்ளே படுத்திருக்கிறார். ஆகவே நான் சொல்லப்போவதை முதலில் நீங்கள் கேட்டுவிடுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சுருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும்.

அவருடைய குடியைப் பற்றி நான் விரிக்க வேண்டியதில்லை. அவரே குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை மேடை மேடையாக விரித்துவிட்டார். ரயில்வேயில் கிளார்க். சாயங்காலம் எலெக்ட்ரிக் டிரெயினில் இறங்கினால் வீட்டுக்கு வருகிற வழியில்தான் சாராயக்கடை. அங்கிருந்து பொன்னுரங்கத்தின் சைக்கிள் ரிக்ஷாவில் வந்து சேருவார். வாசலில் மணி அடித்ததும் நான் கதவைத் திறப்பேன்.

"டீச்சரம்மா, சாரு இன்னிக்கு ஃபுல்லா கீறாரு. கால நான் புடிச்சிக்கிறேன், தலைய நீ புடி."

நான் தலையைப் பிடிப்பேன். எதிர்வீட்டு எல்லம்மா, கேம்ப் ரோடு ஹாஸ்டலில் சமையல் வேலை செய்கிறவள், வாசலுக்கு வந்து நின்று பார்ப்பாள்.

"இன்னா பொறும டீச்சர் உனுக்கு. நானா இருந்தா இந்தாள தண்டவாளத்துலயே வுட்டுட்டு வந்துகினே இருப்பேன்."

"என்ன பண்றது எல்லம்மா. கட்டிக்கிட்டாச்சே."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை மட்டும் மணி அடித்ததும் போகவிடுவார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எனக்கு நடு நாற்காலி. என்னைச் சுற்றி நின்று ஜெபிப்பார்கள். தலையில் கை வைக்க இடம் போதாமல் தோளில் வைப்பார்கள், தோளிலும் போதாமல் ஒருவர் கைமேல் ஒருவர் வைப்பார்கள். பிள்ளை இல்லாதவள் தலையை வேறு யார் தொடப்போகிறார்கள், சொல்லுங்கள்.

ஒரு தடவை, ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில், அவராகவே குடியை நிறுத்தினார். கை நடுங்கியது. தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை, ஐயா. பொன்னுரங்கத்தை விட்டு ஒரு கால் பாட்டில் பிராந்தி வாங்கிவரச் சொன்னேன். "நீயா டீச்சரம்மா கேக்குற?" என்றான். மருந்துக்கு என்றேன். அதை அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. வைத்தேன், அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் வாசலில் ரிக்ஷா மணி கேட்டது. நான் போய்த் தலையைப் பிடித்தேன்.

இதை மேடையில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சின்ன விஷயம்.

கதவு விஷயம் வேறு. அது ஊருக்கே தெரியும். நவம்பர் மழை. கிறிஸ்மஸுக்குச் சோடா போட்டு, பாட்டில்களுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் அன்றைக்கு எப்படியோ தானே நடந்து வந்து கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை. கோபம் இல்லை, ஐயா. நான் கோபப்படுகிற பெண் இல்லை. எல்லம்மா இன்னும் வேலை முடிந்து வந்திருக்கவில்லை. அவள் வந்து பார்த்த பிறகு திறக்கலாம் என்று இருந்தேன். அன்றைக்கு மழையில் பஸ் கிடைக்காமல் அவள் ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டாள். விடிந்துதான் திறந்தேன். காய்ச்சலில் விழுந்து பிழைத்தார்.

அதற்குப் பிறகுதான் ஞானஜோதி வந்தாள். அவருடைய தங்கை. நர்ஸ். வந்ததும் வராததுமாக அண்ணன் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, இது மழையில நனைஞ்ச காய்ச்சல் இல்ல. மழையில கெடந்த காய்ச்சல்."

நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் லீவு போட்டுவிட்டு அண்ணனை எழும்பூர் பக்கம் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அங்கே சில வாரம் வைத்திருந்து, திரும்பி வரும்போது மாத்திரை கொடுத்தார்கள். அன்றைக்கு டாக்டர் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். இந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது சாராயம் எந்த ரூபத்தில் உள்ளே போனாலும் முகம் சிவந்துவிடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், பிரஷர் சரிந்துவிடும், உயிருக்கே மோசம் வரலாம். இருமல் மருந்து கூடாது. அரிஷ்டம் கூடாது. தினமும் காலையில் மனைவி தன் கையால் கொடுத்து, விழுங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். "உங்கள நம்பித்தாம்மா அனுப்புறேன்" என்றார்.

அப்போதுதான் இவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"டாக்டர், எங்களுக்கு ராப்போஜனத்துல ரசம் குடுப்பாங்க. எடுத்துக்கலாமா?"

இராப்போஜனம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற ஆராதனை என்று அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்? நெற்றியில் விபூதிப் பட்டையோடு உட்கார்ந்திருந்த மனிதர். "ராத்திரி சாப்பாட்டுக்கு ரசமா? தாராளமா எடுத்துக்குங்க. மோரும் சேத்துக்குங்க, வயித்துக்கு நல்லது" என்றார்.

மாடிப்படி இறங்கும்போது ஞானஜோதி விழுந்து விழுந்து சிரித்தாள். இவரும் சிரித்தார். "மெளகு ரசம்னு நெனச்சிட்டாருடி" என்றார். ஆனால் டாக்டர் சொன்னது அவர் மனதில் எப்படியோ தங்கிவிட்டது. நம் சபையில் பாஸ்டரம்மா திராட்சையை அன்றன்றைக்குக் கொதிக்கவைத்து இறக்குகிற ரசம்தானே கொடுப்பது, அது புளிக்காதது. அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரசம் என்று பெயர் வைத்தது எதுவானாலும் தனக்கு ஆகும் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார். நான் திருத்தியிருக்கலாம். ரசத்திலும் இரண்டு விதம் உண்டு என்பது எனக்குத் தெரியாததா? யாரும் என்னைக் கேட்கவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். குடியை விட்டார். முடி வெட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, ஞாயிறுதோறும் முன் வரிசையில் உட்கார்ந்தார். நீங்கள்தான் முதலில் அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைத்தீர்கள். என்ன பேச்சு, ஐயா. வீட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லத் தெரியாத மனிதர் ஜனங்களைச் சிரிக்கவைத்தார், அழவைத்தார். பல்லாவரத்தில் கேட்டார்கள், கூடுவாஞ்சேரியில் கேட்டார்கள். எல்லா இடத்திலும் நான் முன் வரிசையில் உட்கார வேண்டும். எல்லா இடத்திலும் அந்த மழை வரும்.

"நான் கதவத் தட்டுறேன். உள்ள என் சம்சாரம் கீர்த்தனை பாடிக்கிட்டே பாட்டிலுக்குக் கயிறு கட்டுறாங்க. வெளியில நானும் ஒரு பாட்டில்தான். என்னைக் கட்டத்தான் ஆளில்ல."

சிரிப்பார்கள். அப்புறம் மெதுவாகச் சொல்வார்: "ஒரு தெருநாய் வந்து என்னை ஒட்டிப் படுத்துக்கிச்சு. விடியற வரைக்கும் அதோட சூட்டுலதான் உயிரோட இருந்தேன்." அதோடு சிரிப்பு நின்றுவிடும். எல்லாத் தலையும் முன் வரிசைக்குத் திரும்பும்.

ஒரு நாள் சோறு போடும்போது கேட்டேன். "அந்தக் கதவை மட்டும் விட்டுடுங்களேன். அத்தனை வருஷம் திறந்ததைச் சொல்லலாமே."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை அவரிடம். "சாட்சியில பொய் சேக்கக் கூடாது ரத்தினம். மறைக்கிறதும் பொய்தான். உன்னை நான் மன்னிச்சிட்டேன், அதைத்தானே கடைசில சொல்றேன்?" என்றார்.

மன்னித்துவிட்டாராம்.

சங்கத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட ஆரம்பித்தார்கள். வட்டத்தில் நடு நாற்காலி கிடையாது. லீவில் ஞானஜோதி வந்த அன்று மட்டும் அவளை நடுவில் நிறுத்தி, அண்ணனை மீட்டுக் கொண்டுவந்தவள் என்று கை தட்டினார்கள். எல்லம்மாகூட ஒரு நாள், மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"ஏன் டீச்சர், அந்த மய நாளு மெய்யாலுமே கதவத் தொறக்கலியா நீ?"

"தூங்கிட்டேன் எல்லம்மா."

"பாட்டு பாடிகினு இருந்தேன்னு சாரு சொல்லிகினு கீறாரு?"

அவள் கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் வாசலில் நின்று என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. இத்தனை வருஷம் தலையைப் பிடித்த கையை ஒருவரும் நினைக்கவில்லை, ஐயா. ஒரு நாள் திறக்காத கதவைத்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

நான் அவரைச் சாகடிக்க நினைத்தேன் என்று நீங்கள் எண்ணக் கூடாது. அது பாவம். நான் கேட்டது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை, எல்லார் முன்னாலும், மேடையில், அவர் கால் பின்ன வேண்டும். விழ வேண்டும். அப்போது யார் ஓடிப்போய்த் தலையைப் பிடிப்பார்கள் என்று ஜனங்கள் பார்க்க வேண்டும்.

அவர் குடியை விட்ட நாளிலிருந்து நான் சோடா போடுவதை நிறுத்தியிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தின அறுப்பின் பண்டிகைக்குப் பெண்கள் சங்கத்தில் கேட்டார்கள், டீச்சர் பழரசம் இல்லாமல் மேஜையே களையாக இல்லை என்று. போடுகிறேன் என்றேன். பழத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டேன். கட்டி வைத்த பாட்டிலை அவிழ்த்து, சர்க்கரை சேர்த்து, மறுபடி கட்டினேன். அப்படிப் பலமுறை. படிக்கட்டுக்கு அடியில் அது நாள்கணக்கில் முனகிக்கொண்டே இருந்தது. ஒரு பாட்டில் வெடித்து, எல்லம்மா ஓடி வந்தாள்.

"இன்னா டீச்சர், வூட்டுக்குள்ள பட்டாசா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் புளிச்சிடுச்சி."

"கொஞ்சமா? தெருமுன வரிக்கும் வாசன வருது" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போனாள். அதனால்தான் புதினாவையும் கற்பூரவல்லியையும் வழக்கத்தைவிட அள்ளிப் போட்டேன். பச்சிலை வாசனை மற்ற வாசனையை மூடிவிடும்.

உங்கள் முகத்தில் கேள்வி தெரிகிறது. அன்றைக்குக் காலையில் மாத்திரை கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்கிறீர்கள். டாக்டர் என்னை நம்பி ஒப்படைத்த பொறுப்பு அது. ஒரு நாளும் நான் தவறியதில்லை. அன்றைக்கும் கொடுத்தேன். விழுங்கியதைப் பார்த்தேன்.

பண்டிகை நினைவிருக்கிறதா உங்களுக்கு? வாழைமரம் கட்டி, கரும்பு கட்டி, பலிபீடத்துக்கு முன்னால் காய்கறி குவித்து, அழகாக இருந்தது ஆலயம். ஐஸ் கட்டி உடைத்துப் போட்டு ஜக்கை நிரப்பினேன். ஒரே ஜக். எல்லாருக்கும் அதிலிருந்துதான். பாடகர் குழு அன்றைக்குப் பாடினது போல் என்றைக்கும் பாடினதில்லை. பிள்ளைகள் காரணமில்லாமல் சிரித்தார்கள். நீங்களே இரண்டாவது தம்ளர் கேட்டு வாங்கினீர்கள். "இதுல என்ன டீச்சர் போடுறீங்க, மனசே லேசாகுது" என்றீர்கள். கற்பூரவல்லி என்றேன்.

அவர் மேடையேறுவதற்கு முன்னால் தொண்டையை நனைத்துக்கொள்ள என்னிடம் வந்தார்.

"ரத்தினம், இது எனக்கு ஆகுமா?"

"பழரசம்தான்" என்றேன். ஐயா, அது பொய் இல்லை.

"ரசம்னா தாராளமா எடுத்துக்கலாம். டாக்டரே சொல்லிட்டாரு" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குக் கண்ணடித்துக் காட்டிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு தம்ளரும் கேட்டார். வெயில் நாள். ஊற்றினேன்.

மைக்கைப் பிடித்து, "எனக்குப் பிரியமானவர்களே" என்று ஆரம்பித்தார். அந்த மழைக் கதை வருவதற்குள் முகம் மாறத் தொடங்கிவிட்டது. கழுத்திலிருந்து காது வரை செம்பருத்தி நிறம். நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டது. கண்ணில் நீர் கொட்டியது. பேச்சு நின்றது. மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "உள்ள எரியுது" என்றார்.

பின் வரிசையிலிருந்து யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

நீங்கள்தான் முதலில் எழுந்தீர்கள். "அக்கினி இறங்குது" என்றீர்கள். "இது பரிசுத்த அக்கினி, சபையார் எழுந்து நில்லுங்கள்" என்று சொல்லிக்கொண்டே போய் அவர் தலையில் கை வைத்தீர்கள். மூப்பர்களும் வந்து கை வைத்தார்கள். அவர் கைகளை உதறினார். ஆவியின் நிறைவு என்று இன்னும் அழுத்திப் பிடித்தார்கள். தண்ணீர் என்று கேட்டார். பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. உதட்டை வைத்து எனக்குத் தெரிந்தது. சபை முழுக்கக் கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் கை தன் தலையில் இருக்க அவர் மண்டியிட்டார்.

எனக்குத் தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. போதகர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுவது மரியாதையா?

விழுவதற்கு முன்னால் அவர் கண் என்னைத் தேடியது. முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் மேஜைமேல் இருந்த ஜக்கைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்து, "ர..." என்றார். அவ்வளவுதான் வந்தது. என் பெயரைத்தான் சொல்ல வந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் மனிதன் யார் பெயரைச் சொல்லுவான்? நான் எழுந்து ஓடிப்போய்த் தலையைப் பிடித்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.

பாட்டு முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எடுத்த எடுப்பில், குடித்திருக்கிறாரா என்று கேட்டார். எனக்கு முன்னால் பதில் சொன்னது நீங்கள். "என்ன டாக்டர் கேக்குறீங்க? இந்த மனுஷன் குடிய விட்டதுக்குச் சபையே சாட்சி. நாங்க எல்லாரும் ஒரே ஜக்குல பழரசம் குடிச்சோம். நானே ரெண்டு தம்ளர் குடிச்சேன்." வெள்ளை அங்கி போட்ட போதகர் சொன்ன பிறகு எந்த டாக்டர் சந்தேகப்படுவார்? பிரஷர் சரிந்து மூளைக்கு ரத்தம் போகவில்லை, ஸ்ட்ரோக் என்று எழுதினார்கள்.

ஞானஜோதி டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு ஓடி வந்தாள்.

"அண்ணி, அண்ணன் என்ன குடிச்சாரு?"

"எல்லாரும் குடிச்சதுதான்."

"ஜக் எங்க?"

"பண்டிகைப் பாத்திரம். கழுவாம வெப்பாங்களா?"

அவள் என் கையை எடுத்து மோந்து பார்த்தாள், ஐயா. புதினா வாசனைதான் வந்திருக்கும். அப்போது பெண்கள் சங்கத்தார் எல்லாரும் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "அந்த மாத்திரைதாம்மா. நல்ல உடம்புக்கு என்னன்னே தெரியாத மாத்திரையை வாங்கிக் குடுத்தே. தினமும் என் கையாலயே குடுக்க வெச்சியே."

அவள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, பின்னால் இருந்த பொடி எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். படித்த பெண்ணுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீங்களும் அவளிடம், "விசுவாசத்துல விட்டதை மாத்திரையில கட்டிவைக்கணுமா சகோதரி?" என்று கேட்டீர்கள். அதோடு அவள் தலை குனிந்துவிட்டது. அண்ணனைத் தான்தான் இப்படி ஆக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மன்னித்துவிட்டேன் என்றேன்.

இப்போது சங்கம் வெள்ளிக்கிழமைதோறும் நம் வீட்டில்தான் கூடுகிறது. அவர் கட்டிலைச் சுற்றி நாற்காலி போடுகிறார்கள். தலைமாட்டில் என் நாற்காலி. பொன்னுரங்கம் வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். எல்லம்மா தெருவுக்கே சொல்கிறாள், டீச்சர் மாதிரி ஒருத்தி இந்தத் தாம்பரத்தில் கிடையாது என்று. கதவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசத் தெரிந்தவருக்கு வாய் இல்லை.

நான் அவரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தலை சீவி, காலையில் அந்த மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறேன். நிறுத்தச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லவில்லையே. நானும் கேட்கவில்லை. நீங்கள் யாராவது வருகிற நாளில் மட்டும், படிக்கட்டுக்கு அடியில் தனியாக வைத்திருக்கிற பழைய பாட்டிலிலிருந்து ஒரு ஸ்பூன். ஒரே ஒரு ஸ்பூன்தான். கன்னத்தில் ரத்தம் ஏறிக் கொஞ்சம் சிவந்துகொள்ளும், கண்ணில் நீர் நிறையும். போன வாரம் பார்த்துவிட்டு நீங்களே சொன்னீர்கள், "முகத்துல களை வந்திருக்கு டீச்சர், கர்த்தர் கிரியை செய்யுறாரு" என்று.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். தம்ளரைக் கீழே வையுங்கள். நீங்கள் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நுரை போயே போய்விட்டது.

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான். இதை எப்படிச் சுருக்கிச் சொல்வது? ஜனங்கள் பெரியவர்களும் சிறியவர்களுமாக வந்திருப்பார்கள். நீங்கள் தலையில் கை வைத்த இடத்தை விட்டுவிடலாமா? ஆஸ்பத்திரியில் நீங்கள் சாட்சி சொன்னதை? விடச் சொன்னால் விட்டுவிடுகிறேன். அவர் மாதிரி பிடிவாதம் எனக்குக் கிடையாது. ஆனால் நான் செய்ததை விட மாட்டேன். கெட்டுப்போன காலத்தில் என்னிடம் இருந்தவரை நல்ல காலத்தில் எல்லாருமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்டீர்கள். நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். புளிக்கவைத்த ரசத்தை, மாத்திரை விழுங்கியவருக்கு, தெரிந்தே, என் கையால் ஊற்றிக் கொடுத்தேன். வேறு எந்த மனைவி இவ்வளவு செய்திருப்பாள்?

போக வேண்டுமென்றால் போங்கள், யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். போகுமுன் ஒரு தடவை உள்ளே வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். கை கால் பயிற்சிக்கு வருகிறவர், கிறிஸ்மஸுக்குள் ஒரு வார்த்தையாவது முழுதாக வந்துவிடும் என்கிறார். நேற்றிலிருந்தே வந்துவிட்டது. நான் ஸ்பூனை எடுத்துக்கொண்டு கிட்டே போனால் போதும், கண்ணை அகல விழித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, அழுதுகொண்டே கூப்பிடுகிறார்.

அதோ, கேட்கிறதா? ர... ச... ம். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக வந்துவிட்டது, ஐயா. நடுவில்தான் நாக்கு கொஞ்சம் குழறுகிறது. போகப் போக அதுவும் என் பெயராகிவிடும்.